ஏர்போர்ட்டிலிருந்து எழும்பூர்: ரெண்டு பெட்டி, ஒரு கார்ட்டன், முழங்கால் வலியோட அம்மா. மெட்ரோ மாறிப் போக முடியுமா?

தோஹா வைகைக்காரன்:

வணக்கம் மக்களே. மே மாசம் தோஹால இருந்து ஊருக்கு வர்றேன், நேரா மதுரைக்கு டிக்கெட் பாத்தா கட்டுப்படியாகல, அதனால சென்னைக்கு ஃப்ளைட், அங்கிட்டு இருந்து ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ். ஃப்ளைட் சாயங்காலம் 5 மணி வாக்குல இறங்குது, ட்ரெயின் எழும்பூர்ல ஒன்பதரைக்கு மேலதான், ஆக நேரம் பிரச்சனையே இல்ல. சாமான்தான் பிரச்சனை. 23 கிலோ பெட்டி ரெண்டு, தோள்ல ஒரு பேக், அப்புறம் நைலான் கயிறு போட்டு கட்டின கார்ட்டன் ஒன்னு. கூட அம்மா வர்றாங்க, மூணு மாசம் எங்கூட இருந்துட்டு திரும்புறாங்க. சமதளத்துல நல்லா நடப்பாங்க, படின்னா மட்டும் ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வச்சு வச்சுத்தான் ஏறுவாங்க.

சித்தப்பா பையன் என்ன சொல்றான்னா மெட்ரோல ஏறி ஆலந்தூர்ல மாறி எழும்பூர் போயிரு, அவ்வளவுதான் மேட்டர்ங்குறான். அவன் கடைசியா எப்ப போனான்னு தெரியல. போன தடவை கார் புக் பண்ணி போனேன், மவுண்ட் ரோட்டுல நின்னு நின்னு போனது போக, இறங்குறப்ப டிரைவர் டிக்கில பெட்டி வச்சதுக்கு தனியா காசு கேட்டு அம்மா முன்னாடியே சத்தம். அதனால இந்தத் தடவை ட்ரெயின்லயே போயிரலாம்னு ஒரு வீம்பு.

ஆலந்தூர்ல மாறுறது எவ்வளவு நடை, லிஃப்ட் இருக்கா, பெட்டியோட விடுவாங்களா? போய்ப் பாத்தவங்க சொல்லுங்க.


பரங்கிமலை வாசி:

ப்ரோ உங்க சித்தப்பா பையன் சொல்றது 2018 காலத்துக் கதை. 2016 செப்டம்பர்ல ஏர்போர்ட் மெட்ரோ ஓப்பன் பண்ணப்போ ட்ரெயின் சின்னமலை வரைக்கும்தான், 2018 மே மாசம் எழும்பூர் சென்ட்ரல் எல்லாம் பச்சை லைன்ல வந்துச்சு ஆனா ஏர்போர்ட்ல இருந்து வர்ற நீல லைன் அப்போ டிஎம்எஸ் ஸ்டேஷனோட நின்னுடுச்சு, அதனால எழும்பூர் போகணும்னா ஆலந்தூரைத் தவிர வேற வழி இல்ல. 2019 பிப்ரவரிக்கு அப்புறம் நீல லைனே நேரா சென்ட்ரல் வரைக்கும் போகுது. இப்போ ஏர்போர்ட்ல ஏறுறவன் லக்கேஜோட ஆலந்தூர்ல இறங்க ஒரு காரணமும் இல்ல.

உங்களுக்கு ரெண்டு வழி. ஒன்னு, நீல லைன்ல சென்ட்ரல் வரைக்கும் உக்காந்து போய், அங்க பச்சை லைன் மாறி ஒரே ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்தா எழும்பூர். ரெண்டாவது, ஏர்போர்ட்ல இருந்தே கோயம்பேடு வழியா சென்ட்ரல் போற வண்டி விடறாங்க, அது ஆலந்தூர்ல பச்சை லைனுக்குத் திரும்பி வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், அண்ணா நகர்னு ஊரையே ஒரு ரவுண்டு அடிச்சு எழும்பூர் வரும். மாறவே வேணாம். எண்ணிப் பாத்தீங்கன்னா முதல் வழில சென்ட்ரல் 13வது ஸ்டேஷன், எழும்பூர் 14வது. சுத்து வழில எழும்பூர் 17வது. மூணே மூணு ஸ்டேஷன்தான் ஜாஸ்தி! உங்களுக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கே, அம்மாவை உக்கார வச்சு ஏசில ஊர் சுத்திக் காட்டுன மாதிரியும் ஆச்சு. பிளாட்ஃபார்ம் போர்டுல 'கோயம்பேடு வழி'ன்னு வர்ற வண்டியா பாத்து ஏறுங்க, நீல லைன் அளவுக்கு அடிக்கடி வராது, வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்க.

ஏர்போர்ட் முதல் ஸ்டேஷன்கிறதால வண்டி காலியா நிக்கும், சீட் கண்டிப்பா கிடைக்கும். நாலு கோச்தான் வண்டி, ஓரமா ஏறி கதவை மறைக்காம பெட்டிய வச்சுக்கோங்க, கிண்டில இருந்தோ அசோக் நகர்ல இருந்தோ கூட்டம் ஏறும்.


குரோம்பேட்டை கோமதி:

தம்பி, எல்லாரும் எழும்பூருக்கு எப்படிப் போறதுன்னே பேசறீங்களே, எழும்பூருக்கு எதுக்குப் போகணும்னு யாராவது கேட்டீங்களா? பாண்டியன் எழும்பூர்ல கிளம்பி எந்தப் பக்கம் போகுது, தாம்பரம் வழியாத்தானே. நீங்க இறங்கறது மீனம்பாக்கம். அங்கேந்து வடக்கே எழும்பூர் வரைக்கும் பெட்டியை இழுத்துண்டு போய், அப்புறம் அதே ட்ரெயின்ல ஏறி அதே ஏர்போர்ட்டை ஜன்னல் வழியா பாத்துண்டே தெற்கே வருவீங்களா? ஏர்போர்ட்டுக்கு எதிர்ல இருக்கற லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன் திரிசூலம், அங்கேந்து தாம்பரம் நாலாவது ஸ்டேஷன்: பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். முடிஞ்சது.

நாங்க ஒவ்வொரு தடவையும் தாம்பரத்துலதான் ஏறுவோம். எழும்பூர்ல இப்போ ஸ்டேஷன் கட்டற வேலை வேற நடக்கறது, பெரிய பெட்டியோட வயசானவாளைக் கூட்டிண்டு அந்தக் கூட்டத்துல நிக்கணும்னு என்ன தலையெழுத்து.


சீசன் பாஸ்:

கோமதி மேடம் சொன்னது 100% கரெக்ட், ஒரு விஷயம் மட்டும் விட்டுட்டாங்க. டிக்கெட்ல போர்டிங் எழும்பூர்னு இருந்து நீங்க பாட்டுக்கு தாம்பரத்துல போய் நின்னா, எழும்பூர்ல ஆள் ஏறலன்னு டிடிஆர் பெர்த்தை ஆர்ஏசில இருக்கறவருக்கு குடுத்துடலாம், அவர் மேல தப்பு சொல்ல முடியாது. ஐஆர்சிடிசில உங்க டிக்கெட்டைத் திறந்து போர்டிங் ஸ்டேஷன் மாத்துறதுன்னு இருக்கும், அதுல தாம்பரம் போடுங்க. கடைசி நேரம் வரைக்கும் வச்சுக்காதீங்க, தோஹால இருக்கறப்பவே முடிச்சிடுங்க. ஒரு தடவைதான் மாத்த முடியும், மாத்திட்டா அப்புறம் எழும்பூர்ல ஏற உரிமை கிடையாது, காசும் குறையாது. ஏஜென்ட் கிட்ட எடுத்த டிக்கெட்னா அவர்கிட்டயே சொல்லி மாத்துங்க.

பெட்டி வெயிட் பத்தி பயப்பட வேணாம். ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் ஒரு ஆளுக்கு 40 கிலோ ஃப்ரீ, செகண்ட் ஏசின்னா 50. ரெண்டு பேருக்கு 80 கிலோ, உங்க ரெண்டு பெட்டியும் கார்ட்டனும் அதுக்குள்ள அடங்கிடும். கார்ட்டன் சீட்டுக்கு அடில போற சைஸா இருந்தா சரி.

ஆமா அந்த கார்ட்டன்ல என்ன ப்ரோ இருக்கு?


தோஹா வைகைக்காரன்:

கோமதி அக்கா, இது எனக்கு தோணவே இல்ல பாருங்க! இருபது வருஷமா எழும்பூர்னா எழும்பூர்தான்னு மண்டைல பதிஞ்சு போச்சு. போர்டிங் இன்னைக்கே மாத்திடறேன்.

ஆனா அப்ப திரிசூலம் எப்படிப் போறது? ஏர்போர்ட்டுக்கு எதிர்லதான்னு தெரியும், நடுவுல ஜிஎஸ்டி ரோடு இருக்கே. கார்ட்டன்ல வீட்டு சாமான்தாங்க, அம்மா கட்டினது.


ஒத்தச் சக்கரம்:

ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம். திரிசூலம் போறதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

ரோட்டைக் கடக்க வேணாம், ரோட்டுக்கு அடில சுரங்கப்பாதை இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் இருந்தே போயிடலாம். அதுவரைக்கும் ஓகே. நான் போனது ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஒரே ஒரு பெரிய பெட்டிதான், கல்யாணம் ஆகாத ஆளு, கையில காலுல வலி ஒன்னும் இல்ல. பிளாட்ஃபார்ம்ல போய் நிக்கிறேன், பீச் ஸ்டேஷன்ல இருந்து தாம்பரம் போற லோக்கல் வண்டி வருது, ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போற மொத்த ஜனமும் அதுலதான் இருக்கு, கதவுல தொங்கறவன் கால் வைக்கவே இடம் இல்ல நான் எங்க பெட்டி வைக்கிறது. மெட்ரோ மாதிரி பிளாட்ஃபார்மும் வண்டியும் சமமா இருக்காது, பெட்டியைத் தூக்கித்தான் ஏத்தணும், அதுக்கு இருபது முப்பது செகண்டுதான் டைம். முதல் வண்டியை விட்டேன். ரெண்டாவதையும் விட்டேன். மூணாவதுல ஒரு அண்ணன் "தூக்கிக் குடுப்பா"ன்னு கை நீட்டினாரு, நான் குடுத்தேன், பெட்டி உள்ள போயிடுச்சு, ஒரு சக்கரம் படில இடிச்சு பிளாட்ஃபார்ம்லயே விழுந்துடுச்சு. நான் ஏறிட்டேன். சக்கரம் அங்கயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, கண்ணு முன்னாடி. அதுக்கப்புறம் தாம்பரத்துல மூணு சக்கரப் பெட்டியை ஒருக்களிச்சு இழுத்துட்டுப் போனேன். அதான் இந்தப் பேரு.

5 மணிக்கு இறங்கினா இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வெளில வர 6, 6:15 ஆயிடும். கரெக்டா அந்த நேரம்தான் தெற்கே போற வண்டிகள்ல நசுங்கல். அம்மாவோட அந்த நேரத்துல வேணவே வேணாம். எட்டு, எட்டரை ஆச்சுன்னா நிலைமை வேற, உக்காரக்கூட இடம் கிடைக்கும்.


பரங்கிமலை வாசி:

ஒத்தச் சக்கரம் சொல்றது உண்மை. அதனாலதான் நான் மெட்ரோ சொன்னேன். மெட்ரோல எதையும் தூக்க வேணாம், உருட்டினாலே போதும். நான் எப்பவும் லக்கேஜ்னா கிலோமீட்டரை எண்ண மாட்டேன், எத்தனை தடவை தூக்கணும்னு மட்டும் எண்ணுவேன். கோயம்பேடு வழி வண்டில ஏர்போர்ட்ல இருந்து எழும்பூர் மெட்ரோ வரைக்கும் பூஜ்யம், வெளில வர லிஃப்ட், வந்தா எதிர்லயே ரயில்வே ஸ்டேஷன். திரிசூலம் வழில சுரங்கப்பாதையில ஒன்னு, வண்டில ஏறுறப்போ ஒன்னு, இறங்குறப்போ ஒன்னு, தாம்பரத்துல பிளாட்ஃபார்ம் மாற ஒன்னு. நாலு தூக்கு, மூணு சாமான், ஆக பன்னெண்டு தடவை. அம்மாவைக் கணக்குலயே சேக்கல.


குரோம்பேட்டை கோமதி:

எழும்பூர்ல மெட்ரோலேந்து வெளில வந்தாச்சு, சரி, அப்புறம் பாண்டியன் நிக்கற பிளாட்ஃபார்ம் வரைக்கும் யார் தூக்கறது? அதையும் எண்ணுங்கோ சார் 😊

ஏசி லோக்கல்னு ஒன்னு 2025 ஏப்ரல்லேந்து ஓடறது பீச் தாம்பரம் செங்கல்பட்டு லைன்ல, கதவு தானா மூடும், யாரும் தொங்க முடியாது, மினிமம் 35 ரூபாய். அது திரிசூலத்துல நிக்கும். ஆனா நாளைக்கு கொஞ்சம் தடவைதான் போகும், உங்க நேரத்துக்கு மாட்டினா அதிர்ஷ்டம். டைமை முன்னாடியே பாத்து வச்சுக்கோங்கோ.

இல்லேன்னா பேசாம ஏர்போர்ட்லேந்து தாம்பரத்துக்கு மட்டும் கார் எடுங்க, எழும்பூருக்குக் கேக்கற காசு கேக்க மாட்டான், மவுண்ட் ரோடும் கிடையாது. வீம்பை எல்லாம் பெட்டியோட வச்சுக்கப்படாது.


கொங்கு எக்ஸ்பிரஸ் இல்ல நான் பஸ்:

இடைல பூந்து கேக்கறனுங்க, எனக்கு இதே மாதிரிதான், ஆனா சென்ட்ரல்ல சேரன் எக்ஸ்பிரஸ் புடிக்கோணும், கோயம்புத்தூர். ஒரே பெட்டி. ஏதாச்சு மாறோணுமாங்க?


சீசன் பாஸ்:

ஒன்னும் மாற வேணாங்க. ஏர்போர்ட்ல நீல லைன், சென்ட்ரல்ல இறங்கி லிஃப்ட்ல மேல வந்து சுரங்கப்பாதை போர்டு பாத்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடங்க. அதே இடத்துல பார்க் ஸ்டேஷன் பக்கம், ஜி.எச். பக்கம்னு வாசல் நிறைய இருக்கு, தப்பான வாசல்ல ஏறிட்டா பூந்தமல்லி ஹைரோட்டுக்கு அந்தாண்ட போய் நிப்பீங்க, பெட்டியோட திரும்பி இறங்கணும். அது ஒன்னைத்தான் கவனிக்கணும்.

பஸ்ல தெற்கே போறவங்க யாராவது இதைப் படிச்சா: மெட்ரோல கோயம்பேடு போகாதீங்க. 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்ததுல இருந்து திருச்சி மதுரை நெல்லை பஸ் எல்லாம் அங்கதான். ஏர்போர்ட்ல இருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் 15.46 கிலோமீட்டர் மெட்ரோ போடறதா திட்டம் இருக்கு, அது வந்தாதான் இந்தப் பெட்டி தூக்கற கதை முடியும். இப்போதைக்கு ஜிஎஸ்டி ரோட்டுல பஸ்ஸுதான்.


பரங்கிமலை வாசி:

வைகைக்காரன் ப்ரோ, எதுல போனாலும் கொஞ்சம் ரூபாய் நோட்டா கையில வச்சுக்கோங்க. ஊர் சிம் ரீசார்ஜ் தீர்ந்து போய் ஓடிபி வரல, யூபிஐ போகலன்னு கவுன்ட்டர் முன்னாடி தவிச்சவங்களை நிறைய பாத்துட்டேன். பர்ஸ்ல பழைய மெட்ரோ டிராவல் கார்டு இருந்தா அதை நம்பாதீங்க, 2025 ஆகஸ்ட் 1ல இருந்து அதை ரீசார்ஜ் பண்றதை நிறுத்திட்டாங்க, இப்போ சிங்காரச் சென்னை கார்டுதான். டிக்கெட் எவ்வளவு தூரம்னாலும் 50 ரூபாய்க்கு மேல போகாது. கேட்ல அகலமா ஒன்னு இருக்கும் ஓரத்துல, வீல்சேர் போற மாதிரி, பெட்டியோட அதுல போங்க, சின்ன கேட்ல போனா பெட்டி உங்களுக்குப் பின்னாடி மாட்டிக்கும் நீங்க முன்னாடி நிப்பீங்க.

எஸ்கலேட்டர்ல மட்டும் ரெண்டு பெட்டியோட ஏறாதீங்க சொல்லிட்டேன். ஒரு தடவை ஆலந்தூர்ல ஒரு லைன் கீழயும் இன்னொன்னு மேலயும்ங்கறதால அவசரத்துல எஸ்கலேட்டர்ல ஏறிட்டேன், முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு, பின்னாடி இருந்தது கையை விட்டு நழுவி தடதடன்னு கீழ, நல்லவேளை பின்னால யாரும் இல்ல. செக்யூரிட்டி அக்கா ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. லிஃப்டுக்கு க்யூ இருந்தா நில்லுங்க, ஓடறதுக்கு ட்ரெயின் ஒன்னும் கடைசி ட்ரெயின் இல்ல.


தோஹா வைகைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வந்து சேந்ததும் எழுதறேன்.


தோஹா வைகைக்காரன்:

வந்து சேந்தாச்சு, மதுரைல இருந்து எழுதறேன். லேட் ஆயிருச்சு மன்னிக்கணும், ஊருக்கு வந்தா தெரியும்ல.

போர்டிங் தாம்பரம் மாத்திட்டேன். ஃப்ளைட் 20 நிமிஷம் முன்னாடியே இறங்கிருச்சு, ஆனா பெல்ட்ல கார்ட்டன் வரவே இல்ல, கடைசிக்கு முன்னாடி வந்துச்சு, கயிறு ஒரு பக்கம் அவுந்து தொங்கிக்கிட்டு. வெளில வர்றப்ப மணி 6:10, ஒத்தச் சக்கரம் சொன்ன அதே நேரம். அம்மாகிட்ட கார் எடுத்துருவோம்னு சொன்னேன், போன தடவை நடந்த சண்டை ஞாபகம் வந்து அவங்க வேணாம்னுட்டாங்க, "நான் பாக்காத ரயிலாடா"ன்னு ஒரு கேள்வி. சரின்னு எட்டு மணி வரைக்கும் அங்கயே உக்காந்து, காப்பி குடிச்சு, அம்மா கொண்டு வந்த சப்பாத்திய சாப்பிட்டு, எட்டே காலுக்கு மேல கிளம்பினோம். ட்ராலியை விட்ட வரைக்கும் தள்ளிட்டுப் போனோம்.

சுரங்கப்பாதைல பெட்டி ரெண்டும் ஒன்னும் பிரச்சனை பண்ணல, சக்கரம் இருக்கு உருளுது. கார்ட்டன்தான் உசிரை எடுத்துச்சு. அதை ஒரு பெட்டி மேல வச்சு கயிறை கைப்பிடில மாட்டி இழுத்தா நாலடிக்கு ஒரு தடவை சரியுது, அம்மா பின்னாடியே வந்து ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. படி வந்த இடத்துல காலேஜ் பசங்க ரெண்டு பேரு கேக்காமலே ஆளுக்கு ஒன்னா தூக்கிட்டுப் போய் மேல வச்சுட்டு திரும்பிப் பாக்காம போய்ட்டாங்க, பேரு கூட கேக்கல. அம்மா படி ஏற நேரமாச்சு, ஆனா அவசரம் இல்லாததால ஒன்னும் தோணல.

வண்டி வந்துச்சு, நிக்க இடம் தாராளமா இருந்துச்சு, அம்மாவுக்கு சீட்டும் கிடைச்சுது. நாலு ஸ்டேஷன் எப்படிப் போச்சுன்னே தெரியல. தாம்பரத்துல எஸ்கலேட்டர் பக்கமே போகல, பரங்கிமலை வாசி சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு, லிஃப்ட் தேடிப் பிடிச்சு போனோம். கோச் எங்க நிக்கும்னு போர்ட்டர் அண்ணன்கிட்ட கேட்டு அங்கயே பெட்டிய வச்சு உக்காந்துட்டோம், அது நல்லதாப் போச்சு, வண்டி அங்க நிக்கிற நேரத்துல பெட்டிய தூக்கிட்டு நாலு கோச் ஓட முடியாது.


குரோம்பேட்டை கோமதி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அம்மாவுக்கு கால் எப்படி இருக்கு?


தோஹா வைகைக்காரன்:

ரெண்டு நாள் தைலம் போட்டு உக்காந்திருந்தாங்க அக்கா, இப்ப பக்கத்துத் தெரு வரைக்கும் போய் வெளிநாட்டுக் கதை சொல்லிட்டு வர்றாங்க.


சீசன் பாஸ்:

எல்லாம் சரி, அந்த கார்ட்டன்ல என்னதான் இருந்துச்சு? நான் முதல்லயே கேட்டேன், வீட்டு சாமான்னு மழுப்பிட்டீங்க.


தோஹா வைகைக்காரன்:

கம்பளிங்க. புலி படம் போட்டது, ரெண்டு. மே மாசம், மதுரைக்கு.